பெட்டி வந்தது, பேருந்து வரவில்லை

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது எங்கள் கம்பெனியின் ஆண்டு விழா மலருக்காக எழுதியது. 'தொழில்நுட்பமும் நாமும்' என்று தலைப்புக் கொடுத்து, யார் வேண்டுமானாலும் எழுதலாம், இரண்டு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது என்று கேன்டீன் சுவரில் ஒட்டியிருந்தார்கள். நான் எழுதினேன். அடங்கவில்லை, ஐந்து பக்கம் போனது. அவர்கள் அதை அரைப் பக்கமாக்கி என் போட்டோவுடன் போட்டார்கள். மலர் கைக்கு வந்ததும் ஆசையாகப் பிரித்தேன். 'எங்கள் பேருந்து எங்கே வருகிறது என்பதைச் செயற்கைக்கோள் மூலம் கண்காணிக்கும் வசதியைச் செய்து தந்த நிர்வாகத்துக்கு என் மனமார்ந்த நன்றி' என்று முடிந்திருந்தது. நன்றி இருந்தது. யாருக்கு நன்றி சொன்னேனோ அந்த ஆளைக் காணோம்.

வெட்டியதில் எனக்குக் கோபமே இல்லை என்று எழுதினால் பெரிய மனசுக்காரி என்று பெயர் வரும். கோபம் இருக்கிறது. ஆனால் கோபத்தில் எழுதினால் மறுபடியும் அந்த மனிதர் காணாமல் போய், ஆண்டு விழா மலர்தான் கதையாகிவிடும். அதனால் வெட்டியதை மட்டும் இங்கே முழுசாக எழுதுகிறேன். இப்போது 2009 டிசம்பர். நடந்தது போன வருஷம்.

என் பெயர் ஷைனி. ஊர் ஆரணி. வேலை கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், கார்களுக்கு ஒயர் கட்டித் தரும் கம்பெனியில். [ஆரணி என்றதும் பட்டுச் சேலையா என்று கேட்பவர்களுக்கு: அது வேறு ஆரணி. எங்களுடையது பொன்னேரிப் பக்கத்து ஆரணி. சேலை கிடையாது. ஆறு உண்டு, அதிலும் பாதி நாள் தண்ணீர் கிடையாது.]

2

எப்படித் தொடங்குவது என்பதிலேயே ஒரு வாரம் போனது.

முதல் முயற்சி: 'பனி விலகாத அந்தக் காலையில், பேருந்துக்காகக் காத்திருந்த இளம்பெண்ணின் கண்களில்' —

இதை இத்தோடு நிறுத்தியவள் குணசுந்தரி. வேலையில் என் பக்கத்து மேசை, பேருந்தில் என் பக்கத்து இருக்கை. நான் எழுதுவதை முதலில் படிப்பவளும் அவள்தான். டீ இடைவேளையில் தாளைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, "இன்னாடி பனி கினின்னு எழுதிக்கினு கீற? அது மே மாசம். வேர்த்து ஊத்திக்கினு நின்னோம்" என்றாள். இளம்பெண் என்ற சொல்லுக்கும் சிரித்தாள். அதை நான் குறித்துக்கொள்ளவில்லை.

இரண்டாம் முயற்சி: 'விண்ணில் சுற்றும் செயற்கைக்கோள்கள் நம் ஒவ்வொரு அசைவையும்' — இது மலரில் வந்தது போலவே போகிறது. வேண்டாம்.

மூன்றாம் முயற்சி: 'டிரைவர் பரசுராமன் நல்லவர்.' இதை எழுதியதும் சொல்ல வேண்டியதெல்லாம் முடிந்துவிட்டது போலப் பேனாவை மூடி வைத்துவிட்டேன். நன்றியில் இதுதான் தொல்லை. ஒருவரைத் திட்டுவதாக இருந்தால் பத்துப் பக்கம் தானாக வரும்.

நான்காவது இது. இதையே வைத்துக்கொள்கிறேன்:

காலையில் என் கைபேசி ஒரே ஒரு முறை அடித்து நின்றுவிடும். எடுக்கக் கூடாது, எடுத்தால் அந்தப் பக்கம் காசு போகும். ஒரு முறை அடித்தால், கம்பெனி பேருந்து பெரியபாளையத்தைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். உடனே நானும் குணசுந்தரியும் எங்கள் தெருப் பெண்களும் சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவோம். மிஸ்டு கால் கொடுப்பவள் ஹஸ்னா. பழவேற்காட்டுப் பெண். எங்கள் கம்பெனிக்குப் பேருந்து விடும் காண்ட்ராக்டரின் ஆபீஸில், கும்மிடிப்பூண்டி பஜாரில் ஒரு மாடியில், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எந்தப் பேருந்து எங்கே வருகிறது என்று பார்ப்பது அவள் வேலை. எங்களுக்கு மிஸ்டு கால் கொடுப்பது அவள் வேலை இல்லை. ஒரு மழை நாளில் நாங்கள் நனைந்துகொண்டு நின்றபோது குணசுந்தரி அந்த ஆபீஸுக்குப் போன் போட்டுச் சத்தம் போட்டாள். மறுநாளிலிருந்து அவளாகவே தொடங்கினாள். அவள் முகத்தை நான் பார்த்ததில்லை. என் போனில் அவள் பெயர் 'பஸ் பொண்ணு'.

3

பெட்டியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. படிப்பவர்களில் பாதிப் பேர் இங்கே கொட்டாவி விடுவார்கள் என்று தெரியும். சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

பெட்டி என்றால் சோப்பு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரியது. கறுப்பு நிறம், ஒரு சிவப்பு விளக்கு. டிரைவர் இருக்கைக்கு முன்னால் பொருத்தியிருப்பார்கள். தான் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதை அது வானத்தில் உள்ள செயற்கைக்கோள்கள் மூலம் தெரிந்துகொள்ளும். தெரிந்துகொண்டதை, உள்ளே இருக்கும் சிம் கார்டு வழியாக ஹஸ்னாவின் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். அங்கே ஒரு பச்சைப் புள்ளி நகரும். ஒயரைப் பிடுங்கினாலும் சில மணி நேரம் தாங்குவதற்கு உள்ளேயே ஒரு சின்ன பேட்டரி உண்டு. (இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் மறந்துவிடாதீர்கள். மற்றதை மறந்தாலும் கதை ஓடும்.)

பெட்டி வந்ததில் எங்களுக்கு லாபம்தான். அதற்கு முன்னால், பஸ் லேட் என்று நாங்கள் சொன்னால் டைம் ஆபீஸில் யாரும் நம்ப மாட்டார்கள். பெட்டி வந்த பிறகு சட்டம் தெளிவானது. பெட்டி லேட்டாக வந்ததாகக் கம்ப்யூட்டர் சொன்னால் குற்றம் காண்ட்ராக்டருடையது, எங்களுக்கு ஒன்றுமில்லை. பெட்டி நேரத்துக்கு வந்து, நாங்கள் மேசையில் இல்லாவிட்டால் ஆப்சென்ட்.

நான் அப்போது டிரெயினி. அந்த மே மாசத்தோடு என் பயிற்சி முடிகிறது. கடைசி மாசத்தில் ஒரு ஆப்சென்ட் விழுந்தாலும் பெர்மனென்ட் லிஸ்டில் பெயர் வராது. கம்பெனி கொடுத்த யூனிஃபார்ம் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வீட்டில் அம்மா கன்னியம்மா நடவுக்கும் களையெடுக்கவும் போய் இடுப்பை வளைக்க முடியாமல் இருந்தாள். நான் பெர்மனென்ட் ஆனதும் அவள் வயலுக்குப் போவதை நிறுத்துவது என்று எங்களுக்குள் பேச்சு. (கதையில் அம்மா இருமுவாளா என்று குணசுந்தரி கேட்டாள். இருமமாட்டாள். நன்றாகத் திட்டுவாள்.)

4

இனி பரசுராமன். ஊத்துக்கோட்டையைத் தாண்டி ஆந்திர எல்லையோரத்து ஊர்க்காரர், வீட்டில் பேசுவது தெலுங்கு. எந்த வயசு ஆணாக இருந்தாலும் அவருக்கு நைனா. நாங்கள் எல்லாரும் ஒரே 'ஏம்மா'.

பேருந்து லேட்டானால் கம்பெனி காண்ட்ராக்டரைத் திட்டும், காண்ட்ராக்டர் பரசுராமனைத் திட்டுவார். அந்தத் திட்டை நாங்களும் கேட்டிருக்கிறோம், அவர் போனில் அவ்வளவு சத்தம் வரும். "ஏன்யா பொட்டி இன்னும் உள்ள வரல?" "பொட்டி எட்டு மணிக்கு உள்ள இருக்கணும், தெரியுமா?" பேருந்து என்றோ, அதில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் என்றோ ஒரு நாளும் பேச்சு வந்ததில்லை. கம்ப்யூட்டரில் தெரிவது பெட்டிதானே. அந்த வாரம் கடைசி எச்சரிக்கையும் வந்தது. "இன்னொரு வாட்டி பொட்டி லேட்டா வந்துச்சுன்னா நீ வராத."

அடுத்த நாளே ஆரணியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பேருந்து நின்றுவிட்டது.

"கிளட்ச் பிளேட்டு போயிச்சும்மா" என்று இறங்கினார். ஆரணி மெக்கானிக்குக்குப் போன் போட்டார். ஆபீஸுக்குப் போடவில்லை. நாங்கள் கீழே இறங்கிப் புளியமரத்து நிழலில் நின்றோம். வந்த ஷேர் ஆட்டோக்களில் ஆளுக்கு மேல் ஆளாகத் தொங்கிக்கொண்டிருந்தார்கள். பரசுராமன் கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்தார், கொஞ்ச நேரம் டிரைவர் இருக்கையைப் பார்த்தார். பிறகு உள்ளே ஏறி, ஸ்குரூ டிரைவரால் எதையோ கழற்றி, துண்டில் சுற்றி, ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு இறங்கினார். அடுத்து வந்த ஷேர் ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தினார். அதில் ஆளுக்கு இடமில்லை. பைக்கு இடம் இருந்தது.

"நைனா, இத்த கம்பெனி கேட்ல வாட்ச்மேன் அப்பாவுகிட்ட குடுத்துடு. வேற யார்கிட்டயும் குடுக்காத. எட்டு மணிக்குள்ள போயிடணும்."

கெட்டுப்போன பாகத்தைச் சரிபார்க்க அனுப்புகிறார் என்று நாங்கள் நினைத்தோம். குணசுந்தரி ஆட்டோக்காரரிடம், "சீக்கிரம் போ நைனா, எங்க பொழப்பே அந்தப் பையிலதான் கீது" என்று வேறு சொல்லி அனுப்பினாள்.

[குணசுந்தரி இந்த இடத்தில் ஓரத்தில் எழுதியது: 'நான் அப்படிச் சொல்லவில்லை.' சொன்னாள். அத்தனை பேரும் சாட்சி.]

5

மெக்கானிக் வந்து, பேருந்தைத் தற்காலிகமாக ஓட வைத்து, நாங்கள் கம்பெனிக்குள் நுழைந்தபோது முதல் டீ இடைவேளையே முடிந்துவிட்டது. யாருக்கும் பயமில்லை. பஸ் லேட், பெட்டி லேட், நமக்கு ஒன்றுமில்லை என்று சிரித்துக்கொண்டுதான் டைம் ஆபீஸுக்குப் போனோம்.

டைம் ஆபீஸ் ஜெயராஜ் சார் எங்களை நிமிர்ந்து பார்த்தார்.

"எங்க போயிருந்தீங்க எல்லாரும்?"

"பஸ் பிரேக் டவுன் சார்."

"பஸ்ஸா? பஸ் எட்டு மணிக்கு முன்னாடியே உள்ள வந்துடுச்சே." ரிப்போர்ட்டை எங்கள் பக்கம் திருப்பினார். "ஷிப்டு ஆரம்பிக்கும்போது பஸ் இருக்கு, நீங்க இல்ல. நடுவுல இறங்கி எங்க போனீங்க? சினிமாவுக்கா?"

"இப்பதான் சார் பஸ்ஸு வருது. வேணும்னா வந்து பாருங்க, வெளிய நிக்குது" என்றாள் குணசுந்தரி.

"காலைல இருந்து அங்கதாம்மா நிக்குது. அதத்தான் நானும் சொல்றேன்."

வாசல் வாட்ச்மேன் அப்பாவுவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். எங்கள் கம்பெனிக்கு வரும் பேருந்துகள் எல்லாமே வெள்ளை. அவருக்கு எல்லாம் ஒன்றுதான். "வந்துச்சு சார். வந்துக்கினே இருந்துச்சு" என்றார். 

ஜெயராஜ் சார் கெட்டவர் இல்லை. இதைக் கதைக்காகச் சொல்லவில்லை. ரிப்போர்ட் ஒன்று சொல்லும்போது மனிதர்கள் வேறொன்று சொன்னால் ரிப்போர்ட்டை நம்புவதற்குத்தான் அவருக்குச் சம்பளம். எல்லாருக்கும் ஆப்சென்ட் போட்டார். என்னைப் பார்த்து மட்டும் கொஞ்சம் தயங்கி, "பெர்மனென்ட் லிஸ்ட் சாயங்காலம் ஹெட் ஆபீஸ் போகுதும்மா. ஏம்மா இப்படிப் பண்ணே?" என்றார். மற்றவர்களுக்கு ஒரு நாள் சம்பளம். எனக்கு எல்லாமே.

அந்த நேரத்தில் என் மனம் எப்படி இருந்தது என்றால், அது ஒரு — வேண்டாம். பாத்ரூமில் போய் அழுதேன். அவ்வளவுதான்.

6

முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்து 'பஸ் பொண்ணு' எண்ணுக்குப் போன் போட்டேன். முதல் முறையாக அந்தப் பக்கம் எடுத்தார்கள்.

"யாரு, ஆரணி அக்காவா? ஏன் கால் பண்றீங்க? காசு போவுமே" என்றது ஒரு சின்னக் குரல்.

நடந்ததைச் சொன்னேன். அவள் குழம்பிப் போனாள். காலையில் பெட்டியின் ஒயர் துண்டானதாக ஒரு எச்சரிக்கை வந்ததாம். எங்கள் பேருந்தில் ஒயர் லூஸாகி அது அடிக்கடி வரும் என்பதால் கண்டுகொள்ளவில்லையாம். இருங்கள் என்று சொல்லிவிட்டுப் பச்சைப் புள்ளி வந்த வழியைப் பின்னால் போய்ப் பார்த்தாள். எனக்குச் சுட்டியை அழுத்தும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"யா அல்லா! அக்கா, உங்க பஸ்ஸு ஏரிக்கரை மேல போயிருக்குது."

"எந்த ஏரிக்கரை?"

சொன்னாள். [ஏரியின் பெயரை எழுதவில்லை. அந்த வழியாக ஷேர் ஆட்டோ விடக் கூடாது என்று ஊர்க் கட்டுப்பாடு, ஆட்டோக்காரருக்கு எதற்குத் தொந்தரவு.] அந்தக் கரை எனக்குத் தெரியும். எதிரே மாடு வந்தால் சைக்கிளில் போகிறவர் இறங்கி நிற்க வேண்டும். அங்கே ஆட்டோ நுழைவதே கஷ்டம், பேருந்து எப்படிப் போகும்? அப்போதுதான் எனக்கு மஞ்சள் பை ஞாபகம் வந்தது. அவளிடம் சொன்னேன். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் சிரித்துவிட்டோம். என் வாழ்க்கையே போய்க்கொண்டிருந்த நேரத்தில் எனக்கு எப்படிச் சிரிப்பு வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

முதலில் சிரிப்பை நிறுத்தியவள் ஹஸ்னா.

"அக்கா, இந்த ரூட்ட அப்படியே உங்க ஜெயராஜ் சாருக்கு அனுப்பினா உங்களுக்கு ஆப்சென்ட் போயிடும். ஆனா பரசுராமன் அண்ணன எங்க மொதலாளி நிக்க வச்சி வேலைய விட்டு அனுப்பிச்சிடுவாரு. நானே முடிவு பண்ணா தப்பா பூடும். நீங்க சொல்லுங்க. அனுப்பட்டுமா?"

இந்த இடத்தில் கதாநாயகி உடனே பதில் சொல்ல வேண்டும். அனுப்பு என்றால் சுயநலக்காரி, வேண்டாம் என்றால் தியாகி. நான் சொன்னது, "கொஞ்சம் இரு."

7

பரசுராமன் பேருந்து நிழலில் உட்கார்ந்து, தூக்குப் போசியைத் திறந்து வைத்துக்கொண்டு நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மதியம் ஆகப் போகிறது, அப்போதுதான் காலைச் சாப்பாடு.

"வாம்மா. பொட்டி கரெக்டு டைமுக்கு வந்துச்சா?" என்றார். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"வந்துச்சுண்ணா. அதான் பேஜாரு."

சொன்னேன். பெட்டி வந்ததால் பேருந்து வந்ததாகக் கணக்கு. பேருந்து வந்ததால் நாங்கள் வராததாகக் கணக்கு. எல்லாருக்கும் ஆப்சென்ட். அவர் வாயிலிருந்த இட்லியை மெல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பொட்டி உள்ள இருந்தா போதும்னுதானேம்மா சொன்னாங்க?"

"ஆமாண்ணா. ஆனா அந்த ரூட்ட ஹஸ்னா அனுப்பினா உங்க வேலைக்கு —"

இந்த வாக்கியத்தை நான் அன்றும் முடிக்கவில்லை, இன்றும் முடிக்கவில்லை. அவர் அதற்குள் எழுந்து கை கழுவப் போய்விட்டார். திரும்பி வந்து, பேருந்துக்குள் ஏறி, காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினார். "வா, போலாம்" என்றார்.

8

டைம் ஆபீஸில் அவர் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "சார், பஸ்ஸு வரல. பொட்டிதான் வந்துச்சு. நான்தான் கழட்டி ஆட்டோல அனுப்பிச்சேன்."

ஜெயராஜ் சார் நம்பவில்லை. "இந்தப் பொண்ணுங்களக் காப்பாத்தறதுக்காகப் பொய் சொல்றே. ரிப்போர்ட் பொய் சொல்லாது."

"அது பொய் சொல்லலியே சார். பொட்டி வந்தது நெசந்தான்."

அப்பாவு கூப்பிடப்பட்டார். "அந்த மஞ்சப் பையா? யாரோட சோத்து மூட்டையோன்னு ஜன்னல்ல மாட்டி வச்சிக்கீறேன் சார்" என்று எடுத்து வந்தார். துண்டைப் பிரித்தால் பெட்டி. சிவப்பு விளக்கு இன்னும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"இப்ப கழட்டி உள்ள வச்சிருப்பே" என்றார் ஜெயராஜ் சார். ஆனால் குரலில் பழைய உறுதி பாதிதான் இருந்தது. காண்ட்ராக்டர் ஆபீஸுக்குப் போன் போட்டு, எல்லாரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார். எடுத்தவள் ஹஸ்னா. அவள் முதலாளியும் அதே அறையில்தான் இருந்திருக்க வேண்டும். அவள் ஒரு வார்த்தையில் தெரியாது சார் என்று சொல்லியிருந்தால் அவளுக்கு ஒரு தொல்லையும் இல்லை. நாங்கள் அவளுக்கு யார்? அவளும் எங்கள் முகத்தைப் பார்த்ததில்லை.

"சார், காலைல இந்த வண்டி ஏரிக்கரை மேல வந்துருக்குது. அங்க பஸ்ஸு போவாது சார்" என்றாள்.

"மேப்புல புள்ளி கொஞ்சம் தள்ளித் தள்ளி விழும்மா. மெயின் ரோட்டுல வந்தத ஏரிக்கரைன்னு காட்டியிருக்கும்."

ஹஸ்னா விடவில்லை. "அப்படின்னா சார், அந்தப் பொட்டிய யாராச்சும் எடுத்துக்கினு உங்க காம்பவுண்டுக்குள்ள நடக்கட்டும். எங்க போறாங்கன்னு நான் சொல்றேன். தப்பா சொன்னா தப்பு என்னுது."

பரசுராமன் பையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் இறங்கினார். நாங்கள் ஜன்னலில் மொய்த்தோம். அவர் நின்று நின்று நடந்தார். புள்ளி வந்து சேரக் கொஞ்சம் நேரம் எடுக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"பஸ்ஸு இப்ப பூச்செடிங்க மேல நிக்குது சார்" என்றது போன்.

நின்றார்.

"சைக்கிள் ஸ்டாண்டுக்குள்ள போவுது சார்."

போனார். குணசுந்தரி என் தோளைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள்.

"இப்ப பிள்ளையார் கோயிலாண்ட கீது. சுத்துது சார். இன்னொரு வாட்டி சுத்துது."

உண்மையாகவே அவர் எங்கள் கம்பெனிப் பிள்ளையாரைப் பையோடு சுற்றிக்கொண்டிருந்தார். பழவேற்காட்டில் தொழுதுவிட்டு வேலைக்கு வந்த பெண் அதை ஒரு சுற்றுக்கூட விடாமல் மாடியிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். ஜெயராஜ் சார் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆப்சென்ட் போட்ட இடத்தில் எல்லாம் அடித்துத் திருத்தினார். "போங்கம்மா, போய் வேலையப் பாருங்க."

என் பெயர் சாயங்காலம் லிஸ்டில் போனது. நாங்கள் ஷிப்டு முடிந்து வெளியே வந்தபோது டிரைவர் இருக்கையில் வேறு ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

9

மலருக்கு எழுதியபோது எட்டாம் பகுதியோடு நிறுத்தியிருந்தேன். இந்த முறை ஒரு சந்தேகம் வந்துவிட்டது. அது பரசுராமனைப் பற்றி.

அவருக்குத் தெரிந்திருந்ததா? உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும் என்று தெரிந்துதான் போய்ச் சொன்னாரா? இல்லை, பெட்டியை நேரத்துக்கு அனுப்பியதற்குப் பாராட்டுவார்கள் என்று நினைத்துச் சொன்னாரா?

"அந்தாளு வெள்ளந்திடி" என்கிறாள் குணசுந்தரி. "தெரிஞ்சிருந்தா பிள்ளையார சுத்திக்கினு இருப்பாரா? அழுதுக்கினு நின்னிருப்பாரு."

நான் ஏழாம் பகுதியில் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். சொன்னால் கதை ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்று விட்டேன். அவர் சட்டை மாட்டப் பேருந்துக்குள் ஏறியபோது சட்டையை மட்டும் எடுக்கவில்லை. முன்னால் ஒட்டியிருந்த பெருமாள் படத்தை மெதுவாக உரித்து எடுத்தார். தலை சீவும் சின்னக் கண்ணாடியை எடுத்தார். இருக்கையில் போட்டிருந்த மெத்தையை மடித்தார். எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, தூக்குப் போசியோடு சேர்த்து வாசல் பக்கம் வைத்துவிட்டுத்தான் "வா, போலாம்" என்றார்.

குணசுந்தரியிடம் இதைப் படித்துக் காட்டினேன். தாளை வாங்கித் தானே ஒரு முறை படித்தாள். பிறகு, "வண்டி ஒர்க் ஷாப்புக்குப் போவும்னு எடுத்து வச்சிருப்பாரு. எல்லா டிரைவருங்களும் அப்படித்தான் செய்வாங்கோ" என்றாள். அதுவும் உண்மைதான். கிளட்ச் போன வண்டி, ஒர்க் ஷாப்புக்குத்தான் போக வேண்டும்.

10

மூன்று முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன்.

முடிவு ஒன்று, மலரில் வந்தது: செயற்கைக்கோள் உண்மையைக் கண்டுபிடித்தது, நிர்வாகத்துக்கு நன்றி. செயற்கைக்கோளைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பெட்டி இல்லாவிட்டால் நாங்கள் சொன்னது எப்போதுமே எடுபட்டிருக்காது. ஆனால் அது சொன்னதைப் படிக்க ஒரு ஹஸ்னா வேண்டியிருந்தது. (ஹஸ்னாவின் முதலாளி அன்றைக்கு அவளைத் திட்டினார், வேலையை விட்டு எடுக்கவில்லை. கம்ப்யூட்டர் தெரிந்த ஆளுக்கு வேறு எங்கே போவார். அடுத்த ரம்ஜானுக்கு நானும் குணசுந்தரியும் பழவேற்காடு போய் அவள் வீட்டில் சாப்பிட்டோம். நான் நினைத்ததைவிட உயரமாக இருந்தாள்.)

முடிவு இரண்டு, குணசுந்தரி கேட்டது: காண்ட்ராக்டர் மனம் மாறி, மாலையோடு பரசுராமன் வீட்டுக்குப் போய் அவரைத் திரும்ப அழைத்து வருகிறார். இதை எழுதிப் பார்த்தேன். மாலை வாங்கும் வரைக்கும் அந்தக் காண்ட்ராக்டரை என்னால் நடத்திக் கூட்டிப் போக முடியவில்லை.

முடிவு மூன்று: ஊத்துக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அவரைப் பார்க்கிறேன். 'அண்ணா' என்று கூப்பிடுகிறேன். அவர் திரும்பி — இதை எத்தனை விதமாக எழுதினேன் என்று கேட்காதீர்கள். ஒவ்வொரு தடவையும் அவர் திரும்பும் இடத்தில் அடித்துவிடுகிறேன். ஏனென்றால் அது நடக்கவில்லை. போய்த் தேடினேன். சத்தியவேட்டில் ஸ்கூல் வண்டி ஓட்டுகிறார் என்றார்கள், தடாப் பக்கம் லாரி என்றார்கள். கிடைக்கவில்லை.

11

அதனால் முடிவை உங்களிடம் தருகிறேன். சும்மா தரவில்லை, ஒரு வேலையோடு தருகிறேன்.

பரசுராமனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அவர் படித்தது தெலுங்குப் பள்ளிக்கூடம். நான் இதை எவ்வளவு நன்றாக எழுதினாலும், எங்கே அச்சானாலும், அவர் கைக்குப் போனால் அது வெறும் தாள். யாராவது வாயால் சொன்னால்தான் உண்டு. நீங்கள் எல்லைப் பக்கம் போக வர இருப்பவர்களாக இருந்தால், வண்டி ஓட்டும் ஒருவர் உங்களை நைனா என்றோ ஏம்மா என்றோ கூப்பிட்டால், பெயர் கேளுங்கள். அவர்தான் என்றால், உட்கார வைத்துக் கதையைச் சொல்லுங்கள். என் வாக்கியங்கள் வேண்டாம், உங்கள் பாட்டுக்குச் சொல்லுங்கள். பனியைக்கூட வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியில், அந்தப் பெண் பெர்மனென்ட் ஆகிவிட்டாள், அவள் அம்மா வயலுக்குப் போவதில்லை, எல்லாம் உங்களால்தான், அவள் நன்றி சொல்லச் சொன்னாள் என்று சொல்லுங்கள்.

'நானா? நான் இன்னா செஞ்சேன்?' என்று அவர் முழித்தால் குணசுந்தரி சொன்னது சரி. ஒன்றும் பேசாமல் தலையை மட்டும் ஆட்டினால் நான் நினைத்தது சரி. எதுவானாலும் என் நன்றி குறையாது. அப்போது அவர் முகம் எப்படி இருக்கிறதோ அதுதான் இந்தக் கதையின் முடிவு. அதைப் பார்க்கப் போவது நீங்கள், நான் இல்லை. எனக்கு உங்கள் மேல் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.